நாணல் காட்டில் சில குச்சிகள்

1

இயக்குநர் நடிகரிடம் என்னதான் சொல்ல வேண்டும்? சினிமா பார்க்கிற நாம் அதிகம் கேட்காத கேள்வி இது. கேமரா கோணம் பற்றிப் பேசுவோம், பின்னணி இசை பற்றிப் பேசுவோம், கதையில் லாஜிக் இடிக்கிறதா என்று விடிய விடியச் சண்டை போடுவோம். ஆனால் அந்த முகத்தில், அந்த ஒரு நொடியில், அப்படியொரு பார்வை எப்படி வந்தது? அதை வரவழைக்க யார் யாரிடம் என்ன சொன்னார்கள்? எதைச் சொல்லாமல் மறைத்தார்கள்? எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் ரொம்ப நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு சினிமா வரலாற்றுக்குள் கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

1952 அக்டோபர் 27. கல்கத்தாவிலிருந்து ரயிலில் போகக்கூடிய பால்சித் என்ற ஊர். ரயில் பாதையை ஒட்டி ஒரு பெரிய வெளி, முழுக்க வெள்ளை வெளேரென்று காஷ் பூ. நம்மூர் நாணல்தான். விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை பார்க்கும் 31 வயது இளைஞர் ஒருவர் அங்கே தன் முதல் படத்தின் முதல் நாள் படப்பிடிப்பைத் தொடங்குகிறார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறைகளிலும் மட்டுமே படம் எடுக்க முடியும். ஒளிப்பதிவாளருக்கு வயது 22. அதற்கு முன் சினிமா கேமராவைத் தொட்டதே இல்லை. இயக்குநர் சத்யஜித் ராய். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா. படம் ‘பதேர் பாஞ்சாலி’.

காட்சி ரொம்பச் சாதாரணம். அக்கா துர்காவைத் தேடிக்கொண்டு தம்பி அப்பு நாணல் காட்டுக்குள் வருகிறான். நாலடி நடக்கிறான், நிற்கிறான், அங்கே இங்கே பார்க்கிறான், மறுபடி நடக்கிறான். அவ்வளவுதான். வசனம் கிடையாது, அழுகை கிடையாது. அப்புவாக நடிக்கும் சுபிர் பானர்ஜி ராயின் வீட்டுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது ராயின் மனைவி பிஜோயா கண்டுபிடித்த பையன். நடிப்பென்றால் என்னவென்றே தெரியாது. ‘நட’ என்றதும் நடந்தான். எப்படி? பள்ளிக்கூட அணிவகுப்பில் நடப்பதுபோல, விறைப்பாக, நேராக. கால்கள் போய்க்கொண்டிருந்தன, தேடல் மட்டும் இல்லை.

இங்கே பெரும்பாலானவர்கள் செய்வது என்ன? பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து விளக்குவது. ‘கண்ணா, உங்க அக்கா காணாமப் போயிட்டா. உனக்குப் பயமா இருக்கு, அவ எங்கேனு தேடுற, சரியா?’ பையன் தலையாட்டுவான். பிறகு முன்பு நடந்ததைவிட மோசமாக நடப்பான், ஏனென்றால் இப்போது அவன் பயத்தையும் ‘காட்ட’ முயல்வான்.

ராய் இரண்டு காரியம் செய்தார். அப்பு நடக்க வேண்டிய பாதையில் ஆங்காங்கே குச்சிகளைப் போட்டுவைத்து, அவற்றைத் தாண்டித் தாண்டி வரச் சொன்னார். உதவியாளர்களை நாணலுக்குள் வெவ்வேறு இடங்களில் மறைந்து நிற்கவைத்து, ஒருவர் மாற்றி ஒருவராக ‘சுபிர்’ என்று கூப்பிடச் சொன்னார். பையன் தரையைப் பார்க்கிறான், குச்சியைத் தாண்டுகிறான், குரல் வந்த பக்கம் திரும்புகிறான், இன்னொரு குரல், இன்னொரு பக்கம். திரையில் நாம் பார்ப்பது என்ன? காட்டுக்குள் அக்காவைத் தேடும் ஒரு சிறுவன்.

ராயே பின்னாளில் எழுதிப் பிரபலமான கதை இது. சினிமா மாணவர்கள் இதை ஒரு சாமர்த்தியமாகச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அது சாமர்த்தியத்தைத் தாண்டிய ஒன்றாகத் தோன்றுகிறது. ராய் அந்தப் பையனிடம் எந்த உணர்ச்சியையும் கேட்கவில்லை. அவனால் செய்ய முடிகிற ஒரு வேலையைக் கொடுத்தார். அந்த வேலை உண்மையானது. குச்சி நிஜமாகவே அங்கே கிடக்கிறது. அதை அவன் நிஜமாகவே தாண்டினான்.

2

இந்த யோசனைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யா. லெவ் குலெஷோவ் என்ற இளைஞர் ஒரு சோதனை செய்கிறார். இவான் மொஸ்ஜூகின் என்ற அன்றைய நட்சத்திர நடிகரின் முகம், பழைய படத் துண்டு ஒன்றிலிருந்து எடுத்தது. பெரிதாக எந்த உணர்ச்சியும் காட்டாத முகம். அதற்குப் பக்கத்தில் ஒருமுறை சூப் கிண்ணத்தை ஒட்டினார். இன்னொருமுறை சவப்பெட்டி. பார்த்தவர்கள் மொஸ்ஜூகினின் நடிப்பை மெச்சினார்களாம்: அடடா, சூப்பைப் பார்க்கையில் என்ன பசி, பிணத்தைப் பார்க்கையில் என்ன துக்கம்! முகம் ஒன்றேதான். அந்தச் சோதனையின் படச்சுருள் இன்று இல்லை. அதைப் பற்றிய வர்ணனைகள்தான் மிஞ்சியிருக்கின்றன, அவையும் ஒன்றுக்கொன்று முழுதாக ஒத்துப்போவதில்லை. ஆனால் அது சொன்ன செய்தி சினிமாவை விட்டுப் போகவேயில்லை: நடிகரின் முகத்தில் பாதியைப் பார்வையாளரே எழுதிக்கொள்கிறார்.

குலெஷோவின் மாணவரான புதோவ்கின் இதை இன்னும் ஓர் அடி முன்னே கொண்டுபோனார். 1928ல் வெளிவந்த ‘ஸ்டார்ம் ஓவர் ஏஷியா’ படத்தில் ஒரு காட்சி. மங்கோலியக் கூட்டமொன்று விலையுயர்ந்த நரித்தோலை வியந்து பார்க்க வேண்டும். கூட்டத்தில் இருப்பவர்கள் நடிகர்கள் அல்லர், சாதாரண மக்கள். வியந்து பாருங்கள் என்றால் எப்படிப் பார்ப்பார்கள்? புதோவ்கின் ஒரு சீனச் செப்படி வித்தைக்காரரை அழைத்துவந்து, கூட்டத்தின் முன்னால் வித்தை காட்டச் சொன்னார். வாய்பிளந்து பார்த்த முகங்களைப் படம்பிடித்துக்கொண்டார். பிறகு எடிட்டிங்கில் வித்தைக்காரருக்குப் பதில் நரித்தோல்.

புதோவ்கினின் புத்தகத்தைப் படித்து வளர்ந்தவர்தான் ராய். பால்சித்தின் குச்சிகளுக்கும் இந்தச் செப்படி வித்தைக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. நடிக்கத் தெரியாதவரிடம் நடிப்பைக் கேட்காதே. அவர் இயல்பாகச் செய்யக்கூடிய ஒன்றைச் செய்யவை, மிச்சத்தைப் படம் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் கொஞ்சம் நிதானித்தால் ஒரு சின்ன உறுத்தல் எழும். அந்த மங்கோலியர்களுக்குத் தாங்கள் எதை வியந்ததாக உலகம் பார்க்கப்போகிறது என்று தெரியுமா? தெரிந்திருக்காது. இந்த இடத்தில் அது பெரிய குற்றமில்லை. வித்தை பார்த்தார்கள், சிரித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனாலும் ஒரு கதவு இங்கே திறந்துகொண்டது. நடிப்பவருக்குத் தெரியாமலேயே அவரிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்ற கதவு. அந்தக் கதவு வழியாக யார் யாரெல்லாம் உள்ளே வந்தார்கள் என்பதுதான் இனி வரும் கதை.

3

1948, ரோம். விட்டோரியோ டி சிகா ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ எடுக்கிறார். ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் பணம் போடத் தயாராக இருந்தார், கேரி கிராண்ட் நடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. டி சிகா ஒத்துக்கொள்ளவில்லை. தொழிற்சாலைத் தொழிலாளியான லாம்பர்ட்டோ மஜ்ஜியோரானியைக் கதாநாயகனாக்கினார். மகனாக நடித்த என்ஸோ ஸ்டயோலா, தெருவில் படப்பிடிப்பை வேடிக்கை பார்த்த கூட்டத்தில் கண்ணில் பட்ட சிறுவன். ராய் 1950ல் லண்டனில் இந்தப் படத்தைப் பார்த்தார். தொழில்முறை நடிகர்கள் இல்லாமல், ஸ்டூடியோ இல்லாமல் ஒரு படம் சாத்தியம் என்ற தைரியம் அவருக்கு இதிலிருந்துதான் வந்தது.

சிறுவன் அழ வேண்டிய காட்சி பற்றி ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அழுகை வரவில்லை. டி சிகா ரகசியமாக அவன் பையில் சிகரெட் துண்டுகளைப் போட்டுவிட்டு, எல்லோர் முன்னாலும் அவற்றை வெளியே எடுத்து, சிகரெட் பொறுக்குகிறாயா என்று திட்டினாராம். அவமானத்தில் பையன் அழுதான். கேமரா ஓடியது.

நடந்ததோ இல்லையோ, ராயின் குச்சியையும் இந்தக் கதையின் சிகரெட் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே இயக்குநர் வைத்த பொருட்கள், இரண்டுமே வேலை செய்தன. ஆனால் குச்சி அந்தப் பையனுக்கு ஒரு விளையாட்டு. சிகரெட் துண்டு ஒரு பொய்க் குற்றச்சாட்டு. முதலாவது அவன் உடம்புக்கு ஒரு பாதை போட்டுக் கொடுக்கிறது. இரண்டாவது அவன் மானத்துக்குப் பொறி வைக்கிறது.

மஜ்ஜியோரானியின் கதையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. படம் உலகம் சுற்றியது. அவர் தொழிற்சாலைக்குத் திரும்பினார். ஆட்குறைப்பில் வேலை போயிற்று. பிறகு சினிமாவில் சின்னச் சின்ன வேடங்கள். அவர் முகத்தில் இருந்த உண்மையைப் படம் எடுத்துக்கொண்டது. அந்த உண்மையை மறுபடி விற்க அவரிடம் தொழில் கற்ற நடிகரின் சரக்கு இல்லை. ‘நடிகர் அல்லாதவர்’ என்று நாம் சிலாகிக்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இப்படியும் சில வாழ்க்கைகள் கிடக்கின்றன.

சில வருடங்களுக்கு முன் ஒரு குறும்படத்தில் உதவி இயக்குநராக வேலை பார்த்தேன். யார், எந்தப் படம் என்பதெல்லாம் வேண்டாம். ஐந்து வயதுப் பெண் குழந்தை அழ வேண்டும். கிளிசரின் போட்டால் கண் எரிகிறது என்று கத்துகிறாள், அழவில்லை. இயக்குநர் குழந்தையின் அம்மாவைச் சுவருக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்லிவிட்டு, குழந்தையிடம் குனிந்து மெல்லச் சொன்னார்: ‘உங்கம்மா உன்னை விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாங்க பாப்பா.’ ஒரு நொடி அவள் நம்பவில்லை. சுற்றிப் பார்த்தாள். அம்மா இல்லை. அப்புறம் வந்த அழுகை இருக்கிறதே, அது நிஜம்தான். டேக் ஓகே. எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா ஓடிவந்து தூக்கினார். சாயங்காலம் வரை அந்தக் குழந்தை அம்மாவின் சேலை முந்தானையை விடவில்லை. மறுநாள் ஆட்டோவை விட்டு இறங்கவே மாட்டேன் என்றது. அன்று அவள் சிரிக்க வேண்டிய காட்சி. கடைசியில் அதை அவளுடைய முதுகுப்பக்கமாக இன்னொரு குழந்தையை வைத்து எடுத்து முடித்தோம்.

கெட்டிக்காரத்தனமாக நடிகர்களை ‘வேலை வாங்குவது’ பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டாம் நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பொறி ஒருமுறைதான் வேலை செய்யும். அதன் பிறகு நடிகர் உங்களைப் பார்க்கும்போதெல்லாம் தரையைப் பார்ப்பார், அடுத்த பொறி எங்கே இருக்கிறது என்று.

4

குழந்தைகளுக்கு விவரம் தெரியாது, சரி. வயது வந்த, தொழில் கற்ற நடிகர்களிடம் இது எப்படி நடந்தது?

1947ல் நியூயார்க்கில் எலியா கஸான், ஷெரில் க்ராஃபோர்ட், ராபர்ட் லூயிஸ் மூவரும் சேர்ந்து ஆக்டர்ஸ் ஸ்டூடியோவைத் தொடங்கினார்கள். ஸ்தானிஸ்லாவ்ஸ்கி மாஸ்கோவில் தொடங்கிவைத்த சிந்தனை அமெரிக்காவில் வேறு வடிவம் எடுத்தது. பாத்திரத்தின் உணர்ச்சியை நடிகர் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து தோண்டி எடுக்க வேண்டும். இதில் இயக்குநர் யார்? ஒருவகையில் சிநேகிதர், ஒருவகையில் உளவாளி. கஸான் தன் நடிகர்களோடு நிறையப் பழகுவார், பேசுவார், அவர்கள் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வார். எந்த இடத்தில் தொட்டால் வலிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

1955ல் வந்த ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’. கண்டிப்பான, பைபிள் படிக்கும் அப்பாவாக ரேமண்ட் மாஸி. அந்த அப்பாவின் அன்புக்கு ஏங்கும் மகனாக ஜேம்ஸ் டீன். மாஸி பழைய பள்ளி. வசனத்தை எழுதியபடி சுத்தமாகச் சொல்பவர். டீன் ஒவ்வொரு டேக்கிலும் வேறு மாதிரி செய்வார், முணுமுணுப்பார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கஸான் சமாதானம் செய்துவைக்கவில்லை. அந்த வெறுப்பு திரையில் தெரியட்டும் என்று வளரவிட்டார். பைபிள் வாசிக்கும் காட்சியில் மாஸியின் கோபத்தைக் கிளற, டீன் வேதவாக்கியங்களுக்கு நடுவே கெட்ட வார்த்தைகளைச் செருகினார். மாஸி நிஜமாகவே கொதித்துப்போனார். படத்தில் அந்த அப்பாவின் முகத்தில் இருப்பது அந்தக் கொதிப்புதான்.

இதை எந்தப் பக்கத்தில் வைப்பது? எனக்குத் தெளிவான பதில் இல்லை என்று நழுவ மாட்டேன். மாஸிக்கு அது அவமரியாதை. அவர் ஒரு தேர்ந்த நடிகர். அந்தக் கோபத்தை அவரால் நடித்துக் காட்டியிருக்க முடியும். அவரை நம்பாமல், அவர் கோபத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டார்கள். அதேசமயம் அவர் கையில் அதிகாரம் இருந்தது. எழுந்து போகலாம், இயக்குநரைத் திட்டலாம், வக்கீலைக் கூப்பிடலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு இல்லாத அந்த வாசல் அவருக்கு இருந்தது.

வாசல் அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ சாட்சி. 1963ல் வெளிவந்த படம். கதாநாயகி டிப்பி ஹெட்ரன் மாடலிங்கிலிருந்து வந்தவர். முதல் பெரிய படம். ஹிட்ச்காக்கோடு பல வருட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். மாடி அறைக்குள் பறவைகள் அவரைத் தாக்கும் காட்சிக்கு இயந்திரப் பறவைகள்தான் என்று சொல்லியிருந்தார்கள். படப்பிடிப்பு அன்று வந்து பார்த்தால், தடித்த கையுறை போட்ட ஆட்கள் உயிருள்ள பறவைகளோடு நிற்கிறார்கள். ஐந்து நாட்கள் அவர்மீது பறவைகளை வீசிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு பறவை கண்ணுக்கருகே கீறியது. அவர் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். மருத்துவர் ஓய்வு வேண்டுமென்று கட்டாயப்படுத்தினார்.

அந்தக் காட்சியை இன்று பார்த்தாலும் வயிற்றைக் கலக்கும். அதில் இருக்கும் களைப்பு களைப்புதான். ஆனால் நாம் அங்கே பார்ப்பது மெலனி என்ற பாத்திரத்தின் பயத்தையா, வேலையிடத்தில் ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணின் பயத்தையா?

5

அந்தக் கேள்விக்கு ஓர் இயக்குநர் தன் வாயாலேயே பதில் சொன்னார். பெர்னார்டோ பெர்டோலுச்சியின் ‘லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்’, 1972. கதாநாயகி மரியா ஷ்னைடருக்கு 19 வயது. எதிரே 48 வயது மார்லன் பிராண்டோ, உலகின் மிகப் பெரிய நடிகர்களில் ஒருவர். படத்தில் ஒரு பாலியல் வன்முறைக் காட்சி வருகிறது. அதில் இடம்பெறும் ஓர் அவமதிப்பான விவரத்தை இயக்குநரும் பிராண்டோவும் அன்று காலையில்தான் முடிவு செய்தார்கள். அதை முன்கூட்டி ஷ்னைடரிடம் சொல்லி அவர் சம்மதத்தைக் கேட்கவில்லை. உடலளவில் அந்தக் காட்சி நடிப்புதான். ஆனால் தன் கண்ணீர் நிஜமானது என்று 2007ல் ஒரு பேட்டியில் ஷ்னைடர் சொன்னார். அவமானப்படுத்தப்பட்டதாக உணர்ந்தேன் என்றார். எழுதப்படாத ஒன்றைச் செய்ய யாரும் தன்னைக் கட்டாயப்படுத்த முடியாது, வக்கீலைக் கூப்பிட்டிருக்கலாம் என்பதெல்லாம் அந்த வயதில் தனக்குத் தெரியாது என்றார். காட்சி முடிந்த பிறகு யாரும் வந்து ஆறுதல் சொல்லவில்லை. 2011ல் அவர் இறந்துபோனார்.

2013ல் பெர்டோலுச்சி ஒரு பேட்டியில் இதை ஒப்புக்கொண்டார். ஒரு நடிகையாக அல்லாமல் ஒரு பெண்ணாக அவளுடைய எதிர்வினை தனக்கு வேண்டியிருந்தது என்று விளக்கினார். குற்ற உணர்வு உண்டு, ஆனால் வருந்தவில்லை என்றும் சொன்னார்.

அந்த விளக்கத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். ‘நடிகையாக வேண்டாம், பெண்ணாக வேண்டும்.’ நிஜத்தைத் தேடும் கலைஞனின் வாக்குமூலம் போல முதலில் காதில் விழும். உண்மையில் அது நடிகை என்ற ஒருத்தியை அறையைவிட்டு வெளியே தள்ளுகிற வாக்கியம். நடிகை என்பவள் யார்? இது நடிப்பு என்று தெரிந்தவள். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிந்தவள். இந்த அளவு வரை வருவேன், இதற்குமேல் வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை உள்ளவள். அவளை வெளியே அனுப்பிவிட்டால் உள்ளே இருப்பது 19 வயதுப் பெண் மட்டும். அவளிடமிருந்து எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இன்று பெரிய படப்பிடிப்புத் தளங்களில் நெருக்கக் காட்சிகளுக்கென்றே ஓர் ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார். என்ன நடக்கும், எங்கே கை படும், எது கூடாது என்று முன்கூட்டிப் பேசி முடிவு செய்வது அவர் வேலை. 2018ல் எச்பிஓ இதை முறையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, ‘இப்படியெல்லாம் ஒத்திகை பார்த்தால் தன்னிச்சையாக எதுதான் வரும்?’ என்று சிலர் அலுத்துக்கொண்டார்கள். சண்டைக் காட்சிக்கு மாஸ்டர் வைத்து, எந்தக் குத்து எங்கே விழும் என்று எண்ணி எண்ணி ஒத்திகை பார்ப்பது பற்றி யாரும் இப்படி அலுத்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

6

அப்படியென்றால் ஆச்சரியமே கூடாதா? நடிகருக்கு எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டுமா? இந்தக் கேள்விக்கு மைக் லீயின் ‘வேரா ட்ரேக்’ ஒரு நல்ல பதில்.

2004ல் வந்த படம். 1950 லண்டனில் நடக்கும் கதை. வேரா என்ற அன்பான நடுவயதுப் பெண், வீட்டுக்குத் தெரியாமல், ஏழைப் பெண்களுக்குச் சட்டவிரோதமாகக் கருக்கலைப்பு செய்துவருகிறாள். மைக் லீ திரைக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குபவர் அல்லர். மாதக்கணக்கில் நடிகர்களோடு ஒத்திகை பார்த்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் வளர்த்து, அதிலிருந்து கதையைச் செதுக்குவார். ஒரு நடிகருக்கு அவருடைய பாத்திரம் அறிந்தது மட்டுமே தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. வேராவாக நடித்த இமெல்டா ஸ்டாண்டனுக்குத் தன் ரகசியம் தெரியும். கணவனாக, பிள்ளைகளாக நடித்தவர்களுக்கு அது தெரியாது. ஒருநாள் ஒத்திகையில் குடும்பம் கொண்டாட்டமாக உட்கார்ந்திருக்கிறது. கதவு தட்டப்படுகிறது. போலீஸ். போலீஸ் வரப்போவது ஸ்டாண்டனுக்கே தெரியாது. அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது மற்றவர்களுக்கு அந்தக் கணத்தில்தான் தெரியவருகிறது.

இதுவும் மறைத்தல்தான். பெர்டோலுச்சியும் மறைத்தார், லீயும் மறைத்தார். வித்தியாசம் எங்கே? லீயின் நடிகர்கள் இந்த ஆட்டத்தின் விதியை ஒத்துக்கொண்டு வந்தவர்கள். எனக்குத் தெரியாத ஒன்று எந்த நேரமும் வரலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதிர்ச்சி அவர்களுடைய பாத்திரங்களின்மேல் விழுகிறது. தோலுக்குள்ளே நடிகர் பத்திரமாக இருக்கிறார். வேண்டுமென்றால் பாத்திரத்திலிருந்து வெளியே வரலாம். அந்த ஒத்திகையில் கிடைத்ததை மறுபடி வடித்து, வசனமாக்கி, பிறகுதான் படம்பிடித்தார்கள். அதாவது கேமரா முன்னால் அவர்கள் அந்த அதிர்ச்சியை நடித்தார்கள். திருடப்பட்டது ஒன்றுமில்லை. அவர்களே கண்டெடுத்ததை அவர்களே கொடுத்தார்கள்.

குழந்தைகளிடம் இப்படி ஒப்பந்தம் போட முடியாதே என்றால், அதே 2004ல் வந்த ஜப்பானியப் படம் ‘நோபடி நோஸ்’ இருக்கிறது. தாய் கைவிட்டுப்போன நான்கு குழந்தைகளின் கதை. இயக்குநர் ஹிரோகாசு கொரீடா குழந்தைகளுக்குத் திரைக்கதையைக் கொடுக்கவேயில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் சொல்ல வேண்டியதைக் காதோடு சொல்வார், அவர்கள் தங்கள் வார்த்தையில் பேசுவார்கள். ஏறத்தாழ ஒரு வருடம், பருவங்கள் மாற மாற, குழந்தைகள் வளர வளர எடுத்தார். மூத்தவனாக நடித்த யூயா யாகிராவுக்கு கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தபோது வயது 14. கைவிடப்படும் குழந்தைகளைப் பற்றிய படத்தில், அந்தக் குழந்தைகளைப் பயமுறுத்த வேண்டிய அவசியம் இயக்குநருக்கு வரவில்லை. அவரிடம் வேறொன்று இருந்தது: நேரம். நான் வேலை பார்த்த குறும்படத்தில் இல்லாதது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பெரும்பாலான பொறிகள் அவசரத்தில்தான் வைக்கப்படுகின்றன. வெளிச்சம் போகிறது, வாடகை ஏறுகிறது, குழந்தை அழமாட்டேன் என்கிறது.

ஆனால் இதையும் சாக்காகச் சொல்லித் தப்பிக்க முடியாது. ‘பதேர் பாஞ்சாலி’யைவிடக் கையில் காசு இல்லாத படம் எது? முதல் நாள் எடுத்த நாணல் காட்டுக்கு ஒரு வாரம் கழித்துப் போனால், மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பருவம் வரை காத்திருந்தார்கள்.

7

ராயிடம் நடிகர்களுக்கென்று ஒரே முறை இருந்ததில்லை. ஆளுக்கு ஏற்ற மொழி. ‘அபுர் சன்சா’ருக்கு வந்த சௌமித்ர சட்டர்ஜி புத்தகம் படிக்கிற, நிறைய யோசிக்கிற இளைஞர். அவருக்கு அப்பு என்ற மனிதனைப் பற்றி எழுதியே கொடுத்தார். அதே படத்தில் அறிமுகமான ஷர்மிளா தாகூர் பள்ளிச் சிறுமி. அவரிடம் மனோதத்துவம் பேசவில்லை. இப்படித் திரும்பு, இப்போது கீழே பார் என்று எளிய கட்டளைகள். 1966ல் ‘நாயக்’ படத்தில் வங்கத்தின் பெரிய நட்சத்திரம் உத்தம் குமார். அவரிடமும் பாத்திரத்தின் உள்மனம் பற்றி அலசவில்லை, ஆனால் அதற்குக் காரணம் வேறு. அவருக்கு அது தேவைப்படவில்லை. எழுதியிருப்பதைக் கொடுத்தால் போதும், தன் உள்ளுணர்வால் அதற்குமேல் கொண்டுவந்துவிடுவார். யாருக்கு எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று தெரிவதும் இயக்கம்தான். அந்தச் சொல்லாமை எதையும் பறிக்கவில்லை.

இவர்கள் எல்லோரையும்விட என் மனதில் நிற்பவர் ‘பதேர் பாஞ்சாலி’யில் கிழவி இந்திர் தாக்ருணாக நடித்த சுனிபாலா தேவி. இளவயதில் மேடை நடிகை. நடிப்பை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. ராயின் குழு தேடிக் கண்டுபிடித்தபோது வயது 80ஐ ஒட்டி இருந்தது. பல் இல்லை, முதுகு கூன். நாளொன்றுக்கு 20 ரூபாய் சம்பளம். அவருக்கு எந்தக் குச்சியும் தேவைப்படவில்லை. போன ஷாட்டில் எந்தக் கை ஈரமாக இருந்தது, மூட்டை எந்தக் கையில் இருந்தது என்பதையெல்லாம் அவர்தான் குழுவுக்கு நினைவுபடுத்துவாராம். கிழவியாக வாழ்ந்துவிட்டார் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். எனக்கென்னவோ அந்த ஈரக் கையின் கணக்கில் தெரிவது ஒரு தொழிலாளியின் நிதானம்.

கதையில் கிழவி இறந்துபோகிறாள். பாடையில் கட்டித் தூக்கிக்கொண்டு போகும் காட்சி ஒன்று எடுக்க வேண்டும். 80 வயது மனுஷியிடம் போய், உங்களைப் பாடையில் படுக்கவைக்கப்போகிறோம் என்று எப்படிச் சொல்வது? இங்கே ஒரு பொம்மையையோ வேறொருவரையோ வைத்துச் சமாளித்திருக்கலாம், அல்லது வேறு ஏதோ காட்சி என்று பொய் சொல்லியிருக்கலாம். தயங்கித் தயங்கி அவரிடமே கேட்டார்கள். அவர் ஒத்துக்கொண்டார். பாடையில் கட்டினார்கள், தூக்கினார்கள், படம்பிடித்தார்கள், இறக்கிவைத்தார்கள். கட்டை அவிழ்த்தார்கள். கிழவி அசையவில்லை. குழுவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்போது பாடையிலிருந்து குரல் வந்தது. ஷாட் முடிந்துவிட்டதா, யாரும் என்னிடம் சொல்லவே இல்லையே, நான் பாட்டுக்குச் செத்தபடி கிடக்கிறேன் என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்தார் சுனிபாலா.

1955ல் படம் திரைக்கு வருவதற்குள் அவர் நிஜமாகவே இறந்துபோயிருந்தார். பாடைக் காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மூங்கில் தோப்பு, தூரத்தில் நாலு பேர், நடுவில் சின்னதாக ஒரு துணி மூட்டை போன்ற உடம்பு. அந்தத் துணிக்குள் ஒரு நடிகை மூச்சை அடக்கிக்கொண்டு, ‘போதும்’ என்று யாராவது சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.